படகுக்கு அடியில் என்ன பசை

அன்பு மகனுக்கு,

உன் மேல் அமைதி உண்டாகட்டும். நானும் அத்தாவும் சுகமாக இருக்கிறோம். அத்தாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கடப்பாக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் பெயிண்ட் வாங்க யார் வருவார்கள்? கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்று நீ கொச்சியிலிருந்து போன் செய்தபோது முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாய், பிறகு அத்தாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். எதையோ கேட்க வந்து தயங்குகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, நம்ம போட்டுக்கு அடியில வால்வு வெச்சோமே, அதுக்கு என்ன பசை போட்டோம்?" என்றாய். படகு கட்டும் கம்பெனியில் சேர்ந்து இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு படகை உன் பொறுப்பில் விடப் போகிறார்கள் என்றும், தண்ணீருக்குக் கீழே வருகிற பொருத்துகளை எல்லாம் நீதான் வைக்க வேண்டும் என்றும் சொன்னாய். இத்தனை வருஷத்தில் பெயர் உனக்கு மறந்துபோயிருக்கிறது. நான் சொன்னேன். உடனே "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். பெயர் மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்த மாதிரி. அந்தப் பசைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதோடு, படகை இறக்கிய அன்று நீ கடலில் இருந்தாய், நான் கரையில் இருந்தேன். கரையில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

சுனாமியில் ஏழுமலையின் படகு போனது உனக்குத் தெரியும். குப்பத்தில் எல்லோருக்கும் போனதுபோல அவருக்கும் போனது. அத்தாவுக்கும் அவருக்கும் பழக்கம் கடையில் ஏற்பட்டது. வலைக்குக் கயிறும், படகுக்குப் பெயிண்டும் நம்மிடம்தான் வாங்குவார். வாங்கிய பிறகும் போக மாட்டார். அத்தாவும் அவரும் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு நிவாரணத்துக்கு வந்த ஃபைபர் படகுகளில் ஒன்று அவருக்குக் கிடைத்தபோது, இருவரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். மற்றவர்களைப் போல வெளியே தொங்கும் எஞ்சின் வேண்டாம், உள்ளே உட்காரும் டீசல் எஞ்சின் வைத்தால் தூரம் போகலாம், செலவும் குறையும் என்று. எஞ்சின் அத்தாவின் பங்கு. கடலில் ஒரு நாளும் கால் வைக்காத மனுஷன் படகுக்குப் பங்காளி ஆனார்.

உள்ளே எஞ்சின் வைத்தால் அது சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் படகின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மேல் திறந்து மூட ஒரு வால்வு வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஏழுமலை கடை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா பாய் சொல்றே? நல்லா கீற போட்டுல நாமளே ஓட்டை போடறதா?"

"கப்பல்ல எல்லாம் அப்படித்தான்யா இருக்கு" என்றார் அத்தா.

"கப்பல் பெருசு. அது தாங்கும். இது அமுதாவுக்குத் தெரிஞ்சா என்னை வூட்டுல சேக்க மாட்டா."

அமுதா அவருடைய மனைவி. அலை வந்த நாளிலிருந்து அவள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. மீன் கூடையை ரோட்டுக்கு வரச் சொல்லித்தான் வாங்கிக்கொள்வாள். ஏழுமலை சொன்னது வேடிக்கையாக இருந்தாலும், அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. அந்தப் படகு அவருக்கு இரண்டாம் தடவை கிடைத்த பிழைப்பு. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறினால், படகோடு அதில் இருக்கிறவர்களும் போவார்கள்.

அப்போது நீ மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருந்தாய். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வருவாய். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உப்பங்கழிக் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுக்குப் போய்விடுவாய். ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று சண்டை ஆரம்பித்ததும் நீ வந்த ஒரு லீவு நாளில்தான். ஏழுமலைக்கு, ஃபைபர் படகை வார்க்கிற அதே ரெசின்தான் சரி என்று பட்டது. ஃபைபரும் ரெசினும் ஒரே சாதி, இரண்டும் ஒன்றாகிவிடும் என்றார். அத்தா, நம் கடை அலமாரியிலேயே சிலிக்கான் டியூப் வரிசையாக இருக்கிறது, குளியலறைக்கு வாங்கிப் போகிறவர்கள் யாரும் குறை சொன்னதில்லை என்றார். நீ சென்னையில் விசாரித்துவிட்டு வந்திருந்தாய். பாலியூரித்தேன் என்று ஒன்று இருக்கிறது, ஒட்டினால் ஜென்மத்துக்கும் விடாது என்றாய். ஜென்மத்துக்கும் விடாது என்றதும் அத்தாவும் ஏழுமலையும் உன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான் டீயை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன். "வால்வு ரிப்பேர் ஆனா எப்படிக் கழட்டுவீங்க?"

எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகக் குழாய் விற்கிறேன். வாங்கிப் போன எல்லா வால்வும் ஒரு நாள் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். அதுவும் உப்புத் தண்ணீரில் இருப்பது.

அப்போதுதான் சென்னையில் கப்பல் சாமான் விற்கும் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார் என்று நீ ஞாபகப்படுத்திச் சொன்னாய். பாலிசல்ஃபைடு. அதுவும் தண்ணீருக்குக் கீழே நிற்கும், ரப்பர் மாதிரி இளக்கம் கொடுக்கும், வேண்டுமென்றால் அறுத்து எடுக்கலாம் என்று. "அப்ப அது வீக்குதானே?" என்றார் அத்தா. யார் சொல்வது சரி என்று பேசிப் பேசித் தீர்வதாக இல்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி வா, கிணற்றடியில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பக்கெட்? உடைந்த ஃபைபர் தகடுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பசையைத் தடவி, ஒரு பித்தளை வாஷரையும் ஒரு பிளாஸ்டிக் துண்டையும் ஒட்டிக் காயவைத்து, கடல் தண்ணீரில் முக்கி வைத்தோம். துணி துவைக்கப் போகும்போதெல்லாம் நான் அதை எட்டிப் பார்ப்பேன். நீ ஊருக்குப் போனபிறகு ஏழுமலையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். "சோறு வெந்துச்சா பாயம்மா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

நன்றாக ஊறிய பிறகு நீ வந்த அன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். சிலிக்கானை நகத்தால் நெம்பியதும் ஆடை மாதிரி உரிந்து வந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒன்று தங்கிவிட்டது. அதன்மேல் வேறு எந்தப் பசையைத் தடவினாலும் பிடிக்கவில்லை. இதை நீ மறக்காதே. ஒரு தடவை சிலிக்கான் போட்ட இடத்தை நன்றாகச் சுரண்டித் தேய்க்காமல் வேறு எதையும் போடாதே. ரெசின் கல் மாதிரி இருந்தது. ஆனால் ஏழுமலையே சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் மயிரிழையாக விரிசல் ஓடியது. எஞ்சின் ஓடினால் படகு முழுக்க அதிரும் என்று அவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டார். உன் பாலியூரித்தேன் நீ சொன்னபடியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினாய், வாஷர் வந்தது, ஃபைபரின் தோலும் கூடவே கிழிந்து வந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

பாலிசல்ஃபைடு கறுப்பாக, கெட்டுப்போன முட்டை நாற்றத்தோடு இருந்தது. இழுத்துப் பார்த்தும் வாஷர் வரவில்லை. கத்தியை விட்டு அறுத்ததும் சுத்தமாக வந்தது. ஆனால் அதில் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டு வெளுத்து, நெடுக வெடித்திருந்தது. அங்கேதான் அத்தாவுக்கு முகம் வாடியது. படகுக்கு அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த குழாய் பிளாஸ்டிக். வெள்ளையாக, அழகாக இருக்கும். அதை அலமாரியில் முன்வரிசையில் வைத்து வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "குழாயை மாத்தணும், இல்ல பசையை மாத்தணும்" என்றாய் நீ. அத்தா அந்தக் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறி, பழைய கப்பல் சாமான் கடையிலிருந்து வெண்கலத்தில் ஒரு குழாயும், கனமான வால்வும் வாங்கி வந்தார். வால்வின் கைப்பிடி திருப்புவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பழகினால் சரியாகிவிடும் என்றார்.

பொருத்திய அன்று நல்ல வெயில். ஓட்டையின் உள்பக்கம் தெரிந்த ஃபைபருக்கு ரெசின் பூசி முன்பே காயவைத்திருந்தீர்கள். சுற்றுப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தாய். துடைத்த இடத்தைத் தொடாதே என்று என்னைக்கூட விரட்டினாய். ஏழுமலை படகுக்கு அடியில் படுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார், நீ உள்ளே இருந்து நட்டை முடுக்கினாய். நான் பக்கத்தில் நின்று, "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பயம் இருந்தால் மனுஷனுக்கு இறுக்கத்தான் தோன்றுகிறது. கீழேயிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "போதும் பாயம்மா. பசை பூரா வெளிய வந்துகினு கீது. உள்ள இன்னா இருக்கப்போவுது?" கழற்றிப் பார்த்தால் உண்மைதான். நடுவில் பசையே இல்லை. எல்லாவற்றையும் துடைத்து, புதிதாகத் தடவி, இந்தத் தடவை சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கும் வரை மட்டும் முடுக்கி விட்டுவிட்டாய். குழாய்க்கும் ஃபைபருக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு படலம் நிற்க வேண்டும், அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. அதன் பிறகு காய விட வேண்டியதுதான். ஏழுமலைக்கு ஒவ்வொரு நாளும் மலையாக இருந்தது. மற்ற படகுகள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு, காலையில் வந்து பிதுங்கிய ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். "இன்னும் கொழகொழன்னுதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவசரப்படவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழுமலை, நீ, அத்தா மூன்று பேரும் போனீர்கள். அத்தா போவார் என்று நான் நினைக்கவில்லை. நீச்சல் தெரியாதே என்றேன். "என் எஞ்சின், நான் போகாம எப்படி?" என்றார். போன் நனைந்துவிடும் என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். கழியில் படகு நின்றபோது அடியில் எட்டிப் பார்த்து, "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, பாலைவனம் மாதிரி கீது" என்று ஏழுமலை கத்தினார். நாங்கள் ஆலம்பரைக் கோட்டைச் சுவர் பக்கமாக நடந்து போய் நின்றோம். நாங்கள் என்றால் நானும் அமுதாவும். அத்தனை மாதம் கழித்து அன்றுதான் அவள் மணலில் கால் வைத்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டி நேராகப் போனது. புகை தெரிந்தது. பிறகு புகை நின்றது. படகும் நின்றது. அலையில் பக்கவாட்டில் திரும்பி ஆட ஆரம்பித்தது. உள்ளே ஒரு ஆள் குனிவதும், தண்ணீரை வாரி வெளியே கொட்டுவதும் தெரிந்தது. அது நீயா அத்தாவா என்று அத்தனை தூரத்தில் தெரியவில்லை.

"பாயம்மா, தண்ணி எறைக்கிறாங்க" என்றாள் அமுதா.

நான் அந்தப் பக்கெட்டை நினைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. வாஷர் கழன்று வந்தது, கத்தியால் அறுத்தால் வரும் பசையைத்தான் நான் போடச் சொன்னேன், ஜென்மத்துக்கும் விடாததை நான்தான் தடுத்தேன். என் கையில் அத்தாவின் போன் அடித்தது. ஒரு கணம் அவர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன். பெயிண்ட் கம்பெனி ஆள், ஆர்டர் கேட்கிறான். "அப்புறம் பேசுங்க" என்றுகூடச் சொல்ல வரவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அமுதா ஓடிப்போய் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் ஒரு படகைத் தள்ள ஆரம்பித்தார்கள். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று தானும் தள்ளினாள்.

அவர்கள் தள்ளி முடிப்பதற்குள் தூரத்தில் புகை வந்தது. உன் படகு மெதுவாக மூக்கைத் திருப்பியது. "பாயம்மா, ஓடுது பாரு, ஓடுது" என்று அமுதா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கரைக்கு வந்ததும் அத்தா தொப்பலாக நனைந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "ஓட்டை நல்லாத்தான் இருக்கு. ரப்பர் குழாதான் கழண்டுகிச்சு." வால்வுக்கு மேலே மாட்டிய ரப்பர் குழாயின் கிளிப் அதிர்வில் நழுவி, தண்ணீர் ஊற்று மாதிரி உள்ளே அடித்திருக்கிறது. வால்வை மூடினால்தான் நிற்கும். அதுவோ முரண்டு பிடிக்கும் வால்வு. நீயும் ஏழுமலையும் சேர்ந்து, கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் போட்டுத் திருப்பியிருக்கிறீர்கள். தண்ணீரை வாரிக் கொட்டியது அத்தா. ஏழுமலை மணலில் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

"நானு இன்னா நெனைச்சேன் தெரியுமா பாயம்மா? நாங்க போட்ட போடுல அடிக் குழாயே திரும்பிக்கும், பசை வுட்டுடும், அவ்ளோதான்னு நெனைச்சேன். அசையல. வால்வு திரும்புச்சு, அது அசையவே இல்ல."

அதை அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அத்தா நனைந்த துண்டால் என் முகத்தைத் துடைக்க வந்து, அதில் டீசல் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அமுதா புருஷனைத் திட்டிக்கொண்டே அவர் தலையைத் துவட்டினாள். அன்று மத்தியானம் இரண்டு குடும்பமும் நம் வீட்டில்தான் சாப்பிட்டோம். நெய்ச்சோறு போதவில்லை, மறுபடி உலை வைத்தேன். அவ்வளவு பசி எல்லோருக்கும். அதன் பிறகு குழாய்க்கு இரண்டு கிளிப் போட்டீர்கள். இதையும் உன் படகுகளில் மறக்காதே.

அடுத்த வருஷம் அந்த வால்வு முழுதாகவே இறுகிப்போனது. நீ மறைமலைநகரில் இருந்தாய், லீவு கிடைக்கவில்லை. ஏழுமலை படகைக் கரையேற்றி, தூண்டில் நரம்பைக் குழாயின் விளிம்புக்குள் விட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்துப் பசையை அறுத்து எடுத்தார். ஃபைபரில் ஒரு கீறல் இல்லை. அதே ஓட்டையில் புதிதாக வைத்தார்கள். அந்தப் படகு இன்றைக்கும் ஓடுகிறது. காலையில் மழை விட்ட நேரம் பார்த்து ஏழுமலை கழிக்குப் போனதைக் கடையிலிருந்தே பார்த்தேன்.

ஆகவே, "என்ன பசை" என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். நாம் போட்டது பாலிசல்ஃபைடு, ஆனால் நீ அதையே கண்ணை மூடிக்கொண்டு போடாதே. அந்தப் பொருத்தை ஒரு நாள் கழற்ற வேண்டி வருமா என்று முதலில் யோசி. அது எதைத் தொடுகிறது, உலோகமா, பிளாஸ்டிக்கா என்று பார். கழற்றவே போவதில்லை என்றால் உன் பாலியூரித்தேனைத் தாராளமாகப் போடு. முதலாளி அவசரப்படுத்தினால், காயவில்லை என்று வாயைத் திறந்து சொல். இதையெல்லாம் குடும்பத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருத்திப் பேச எனக்கு வராது. படகைப் பற்றிக் கேட்டாய், படகைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுப் படகு கட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அத்தாவும் நானும் சரியாகத் தூங்கவில்லை. அத்தா உன்னிடம் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். அது கோபம் இல்லை. வாரிக் கொட்டக் கொட்ட நிற்காத தண்ணீரைப் பார்த்தவர் அவர். நீ அந்த வேலைக்கே போகிறாய் என்றதும் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். நேற்று நீ போனை வைத்ததும், "என்ன கேட்டான்?" என்றார். சொன்னேன். "பசை என்னன்னு கேட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டார். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிற பிள்ளையைப் பற்றி அப்படிப் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். தொழுதுவிட்டு வந்து படுத்தவர், மழைச் சத்தத்தில்கூட விழிக்காமல் தூங்கினார்.

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், பையன் கொச்சியில் படகு கட்டுகிறான் என்று தானாகவே சொல்லியிருக்கிறார். பால்காரர் என்னிடம் வந்து சொன்னார்.

நீ வேலை பார்த்த படகைத் தண்ணீரில் இறக்கும் நாள் முடிவானதும் சொல்லி அனுப்பு. அத்தாவுக்கு வர வேண்டும் என்று ஆசை. உன்னிடம் கேட்க வெட்கப்படுகிறார். நீயே கூப்பிடு. வந்தால் கரையில் நிற்கிறேன் என்றுதான் சொல்வார். நம்பாதே. கையைக் கொடுத்து ஏற்றிவிடு.

உன் அம்மா